வெப்சைட்டை மாற்றுங்கள், கூகுளில் பிடித்த இடத்தை விட்டுவிடாதீர்கள்

கடைக்கு வெப்சைட் புதுசாகப் போடப் போகிறீர்கள் என்றால், டிசைன் பார்க்கிறதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடையாக இருக்கட்டும், காசிமேட்டில் படகு இன்ஜின் உதிரி பாகம் விற்பவராக இருக்கட்டும், பெரம்பூரில் டியூஷன் சென்டர் நடத்துபவராக இருக்கட்டும், பல வருடமாக ஓடுகிற தளத்துக்கு கூகுளில் ஒரு இடம் கிடைத்திருக்கும். விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த இடம் அது. புது தளம் பளபளவென்று வந்து, சில வாரத்தில் 'கூகுள்ல பார்த்தேன்' என்று வரும் போன்கள் அப்படியே நின்றுபோன கடைகளை வடசென்னையில் நிறையப் பார்த்துவிட்டேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய பக்கங்களின் முகவரி மாறியது, மாறிய விஷயத்தை கூகுளுக்கு யாரும் சொல்லவில்லை.

கூகுள் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் யூஆர்எல்லை, அதாவது முகவரியை, வைத்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. 'கைலி மொத்த விலை' என்று தேடுகிறவருக்குப் பெரும்பாலும் உங்கள் முகப்புப் பக்கம் வராது, கைலிக்கென்று இருக்கிற அந்த ஒரு பக்கம்தான் வரும். மற்ற தளங்கள் உங்களுக்குக் கொடுத்த லிங்க் எல்லாம் அந்த முகவரியின் கணக்கில்தான் வரவாகியிருக்கிறது. முகவரி மாறினால் கூகுளுக்கு அது வேறு பக்கம். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றும்போது பழைய ஷட்டரில் புது விலாசத்தோடு ஒரு போர்டு மாட்டிவிட்டு வருவோமே, இங்கே அந்த வேலையைச் செய்வது 301 ரீடைரக்ட். 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது, 302 என்றால் தற்காலிகமாக மாறியிருக்கிறது. நமக்கு 301தான் வேண்டும். ரீடைரக்ட் போட்டால் பக்கத்தின் பலம் குறைந்துவிடும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள், 301, 302 போன்ற 30எக்ஸ் ரீடைரக்ட்களால் பேஜ்ரேங்க் (லிங்குகளை வைத்து கூகுள் பக்கத்துக்குப் போடும் மதிப்பு) இழப்பு கிடையாது என்று கூகுளின் கேரி இல்யெஸ் 2016-லேயே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகவரியை மாற்றாமலே இருக்க முடிந்தால் அதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. புது பிளாட்ஃபார்மில் (வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை மாதிரி தளம் கட்டும் மென்பொருளில்) பழைய யூஆர்எல் அமைப்பையே வைத்துக்கொள்ள முடியுமா என்று டெவலப்பரிடம் கேளுங்கள். 'பழைய யூஆர்எல் அசிங்கமாக இருக்கிறது, நீட்டாக மாற்றிவிடலாம்' என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அசிங்கமாக இருந்தாலும் சோறு போடுவது அதுதான்.

டிசைனுக்கு முன்னால் பட்டியல்

பழைய தளத்தில் இருக்கிற ஒவ்வொரு யூஆர்எல்லும் ஒரு ஷீட்டில் வராமல் புது தளத்தில் கை வைக்காதீர்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியல்தான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. பட்டியல் ஒரே இடத்தில் கிடைக்காது, பல இடத்திலிருந்து திரட்டி ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

முதலில் கூகுள் சர்ச் கன்சோல், உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று உங்களுக்குக் காட்டும் கருவி. அதில் பெர்ஃபாமன்ஸ் ரிப்போர்ட்டில் 16 மாதத் தரவு இருக்கும், தேதியை முழு 16 மாதத்துக்கும் நீட்டிவிட்டு 'பேஜஸ்' பகுதியை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திரையிலிருந்து இறக்கும்போது 1,000 வரிக்கு மேல் வராது, அதனால் பெரிய தளமென்றால் பிரிவு பிரிவாக வடிகட்டி எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் 'லிங்க்ஸ்' ரிப்போர்ட், வெளித் தளங்கள் எந்தெந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன என்று அதில் தெரியும். அதன்பின் ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற க்ராலரை (லிங்குகளைப் பின்தொடர்ந்து தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் மென்பொருள்) பழைய தளத்தில் ஓடவிடுங்கள், இலவசப் பதிப்பு 500 யூஆர்எல் வரை எடுக்கும், சின்னக் கடைத் தளத்துக்கு அதுவே போதும். சைட்மேப்பையும் (தளத்தின் பக்கப் பட்டியல் ஃபைல்) அனலிடிக்ஸில் இருக்கும் லேண்டிங் பக்கங்களையும் (வருகிறவர் முதலில் இறங்கும் பக்கங்கள்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் கிடைக்காத முகவரிகளும் உண்டு. கட்டைப்பையில் அச்சடித்த க்யூஆர் கோடு, பில் புத்தகத்தின் அடியில் போட்ட லிங்க், விசிட்டிங் கார்டு, ஆட்டோ பின்னால் ஒட்டிய விளம்பரம், வாட்ஸ்அப் கேட்டலாகில் போட்ட லிங்க், இண்டியாமார்ட், ஜஸ்ட்டயல் பக்கங்களில் கொடுத்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் பை வாங்கிப் போன ஒருவர் அடுத்த பொங்கலுக்கு அந்தக் கோடை ஸ்கேன் செய்யும்போது 'பக்கம் இல்லை' என்று வந்தால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஒவ்வொன்றையும் போனில் ஸ்கேன் செய்து, எந்த முகவரி திறக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போட்டு இரட்டை வரிகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு யூஆர்எல்லுக்கும் எதிரே க்ளிக் எத்தனை, வெளி லிங்க் உண்டா, டைட்டில் என்ன, பெரிய தலைப்பு என்ன என்பதை எழுதுங்கள். கடைசியில் 'புது யூஆர்எல்' என்று ஒரு காலியான நெடுவரிசை விடுங்கள். க்ளிக் அதிகமானது மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்திப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய பக்கங்கள்தான் கடைக்கே ஆள் கொண்டுவருகின்றன என்பது பல தளங்களில் தெரியும். முதலாளிகளுக்கு அந்த ஷீட்டைக் காட்டினாலே போதும், அதற்கப்புறம் அவர்களே அந்தப் பக்கங்களைக் காவல் காப்பார்கள்.

தமிழில் யூஆர்எல் இருந்தால் கூடுதல் கவனம்

இது நம் ஆட்களுக்கு வருகிற சிக்கல், ஆங்கிலத்தில் இருக்கிற வழிகாட்டிகளில் அநேகமாக இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ் எழுத்து யூஆர்எல்லுக்குள் போகும்போது சதவீதக் குறியோடு கூடிய குறியீடாக மாறுகிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும், ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிகள்தான். 'வண்ணாரப்பேட்டை' என்ற ஊர்ப் பெயரில் 14 குறிகள் இருக்கின்றன, அது மட்டுமே 126 எழுத்தைத் தின்றுவிடும். வேர்ட்பிரஸ் முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. 'வண்ணாரப்பேட்டை மொத்த விலைக் கடைகள்' என்று தலைப்பு வைத்துப் பதிந்தால் முகவரி 'வண்ணாரப்பேட்டை-மொத்த-வில' என்று பாதியில் அறுந்து நிற்கும். கூகுள் பதிந்து வைத்திருப்பதும் அந்த அறுந்த முகவரியைத்தான். புது பிளாட்ஃபார்ம் அதே தலைப்பிலிருந்து முகவரியைத் தானாக உருவாக்கினால் வேறு இடத்தில் வெட்டும், அல்லது வெட்டாமலே முழுசாக வைக்கும், அல்லது தமிழையே தூக்கிவிட்டு ஒரு எண்ணை வைக்கும். அதனால் தலைப்பைப் பார்த்து ஊகித்துப் பழைய முகவரியை எழுதாதீர்கள், க்ராலரும் சர்ச் கன்சோலும் தருகிற முகவரியை அப்படியே எடுங்கள்.

ஷீட்டில் இரட்டை வரிகளை நீக்கும்போதும் இதே தொல்லை வரும். ஒரு கருவி முகவரியைத் தமிழில் காட்டும், இன்னொன்று குறியீடாகக் காட்டும், குறியீட்டிலும் வேர்ட்பிரஸ் சிறிய ஆங்கில எழுத்தில் எழுதும், வேறு சில கருவிகள் பெரிய எழுத்தில் எழுதும். மூன்றும் ஒரே பக்கம்தான், ஆனால் ஷீட்டுக்கு அவை மூன்று வேறு வரிகள். முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். ரீடைரக்ட் விதி எழுதிய பிறகு குறியீட்டைச் சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் என்று இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள்.

பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு வருகிற தமிழ் வலைப்பதிவர்களுக்கு வேறு கதை. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி உருவாக்க முடியாமல் 'பிளாக்-போஸ்ட்' என்று வைத்து, பின்னால் ஒரு எண்ணைச் சேர்க்கும். வேர்ட்பிரஸில் ஏற்றியதும் தமிழ்த் தலைப்பிலிருந்து புது முகவரி உருவாகும், இரண்டுக்கும் ஒட்டே இருக்காது, ஊகித்து ஜோடி சேர்க்கவும் முடியாது. ஆனால் வேர்ட்பிரஸின் பிளாகர் இம்போர்ட்டர் ஒவ்வொரு பதிவோடும் அதன் பழைய முகவரியை ஒரு கூடுதல் புலத்தில் சேமித்து வைக்கிறது. அதை எடுத்தால் முழுப் பட்டியலும் கிடைத்துவிடும். இதெல்லாம் உங்களுக்கென்று சொந்த டொமைன் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும், ஏனென்றால் பிளாக்ஸ்பாட் முகவரியிலிருந்து வெளித் தளத்துக்கு 301 போட பிளாகர் வழி தருவதில்லை.

ஜோடி சேர்ப்பது

இப்போது காலியாக விட்ட நெடுவரிசையை நிரப்ப வேண்டும். பழைய கைலிப் பக்கம் புது கைலிப் பக்கத்துக்கு, பழைய பள்ளிச் சீருடைப் பக்கம் புது சீருடைப் பக்கத்துக்கு. ஒன்றுக்கு ஒன்று. இதில் அவசரம் காட்டி எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள். சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது பக்கம் இல்லாத மாதிரிதான் கணக்கு. வந்த வாடிக்கையாளருக்கும் 'நான் கேட்டது எங்கே' என்று எரிச்சல்தான் வரும். இனி விற்காத பொருளாக இருந்தால் அது இருந்த பிரிவுப் பக்கத்துக்கு அனுப்புங்கள், அதுவும் இல்லை, பக்கத்துக்கு வெளி லிங்கும் கிடையாது, க்ளிக்கும் கிடையாது என்றால் 404 வந்துவிட்டுப் போகட்டும், பரவாயில்லை.

ஷாப்பிஃபை மாதிரி பிளாட்ஃபார்ம்களில் முகவரியின் முன்பகுதியை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, பொருளென்றால் 'புராடக்ட்ஸ்', தொகுப்பென்றால் 'கலெக்ஷன்ஸ்' என்று கண்டிப்பாக வரும். அப்போது ரீடைரக்ட் தவிர வேறு வழியில்லை, நம் ஷீட்டையே சிஎஸ்வியாக மாற்றி மொத்தமாக ஏற்றிவிடலாம். பழைய பிஎச்பி தளங்களில் கேள்விக்குறிக்குப் பின்னால் 'ஐடி 37' என்கிற மாதிரி முகவரி இருக்கும். அப்பாச்சி சர்வரில் சாதாரண ரீடைரக்ட் வரி கேள்விக்குறிக்குப் பிறகு வருவதைப் பார்க்கவே பார்க்காது, க்வெரி ஸ்ட்ரிங்கைச் சோதிக்கும் ரீரைட் விதியைத் தனியாக எழுத வேண்டும். டெவலப்பரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

ரீடைரக்ட்களைச் சங்கிலியாக விடாதீர்கள். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒரு தாவல், டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாததற்கு ஒரு தாவல், கடைசிச் சாய்கோட்டுக்கு ஒன்று, அப்புறம் புது முகவரிக்கு ஒன்று என்று போனால் பக்கம் திறக்கவே நேரமாகும். கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும் என்றாலும் நாம் ஒரே தாவலில் முடிப்பதுதான் முறை.

பக்கத்தில் இருக்கிற எழுத்துகளை அப்படியே கொண்டுபோங்கள். டைட்டில், தலைப்பு, விவரம், படங்களின் ஆல்ட் வாசகம் (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மறைவான வரி), எல்லாமே. புது டிசைனில் 'க்ளீனாக' இருக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு பத்தி விவரத்தை ஒரு வரியாகச் சுருக்கிவிடுவார்கள், அந்த இரண்டு பத்தியில்தான் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று டெலிவரி செய்யும் ஏரியாப் பெயர்கள் இருந்திருக்கும், மக்கள் அடித்துத் தேடுவதும் அதைத்தான். போன் திரையில் விவரத்தைச் சுருக்கி மறைப்பது தவறில்லை, அடியோடு எடுப்பதுதான் தவறு. கூகுள் இப்போது மொபைல் பதிப்பைத்தான் படித்துப் பதிகிறது. எழுத்தைத் திருத்த ஆசையிருந்தால் மாற்றம் முடிந்து நிலைமை அடங்கிய பிறகு திருத்துங்கள். டொமைன், டிசைன், எழுத்து, பிளாட்ஃபார்ம் என நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ரேங்க் விழுந்தால் எதனால் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எப்போது மாற்றுவது

கூட்டமில்லாத காலத்தில். இதில் ஊர் நிலவரம் தெரிந்தவர் சொல்வதுதான் சரி, வெளியூர் ஏஜென்சியின் காலண்டர் வேலைக்காகாது. எம்.சி. ரோடு துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடியிலிருந்து பொங்கல் வரை தொடவே கூடாது, ரம்ஜான் சமயமும் அப்படித்தான். காசிமேட்டு உதிரி பாகக் கடைக்குக் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலம், விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான், இன்ஜின் பாகம் தேடுவதும் அப்போதுதான். 'கடலுக்குப் போகவில்லை, வியாபாரம் மந்தமாகத்தான் இருக்கும், இப்போது மாற்றலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடுத்தர அளவுத் தளத்தில்கூட பெரும்பாலான பக்கங்கள் கூகுளில் புது முகவரிக்கு மாறச் சில வாரங்கள் பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே நாள் குறியுங்கள். வார நாளில் காலையில் மாற்றுங்கள், ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ஆள் இருப்பார்கள்.

மாற்றும் நாள்

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: டொமைன் யார் பெயரில் இருக்கிறது? பல கடைகளில் முதன்முதலில் தளம் போட்டுக் கொடுத்தவர் பெயரிலேயே இருக்கும், அவர் போனை எடுக்க மாட்டார். லாகின் உங்கள் கைக்கு வராமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போகிறது என்ற பதிவுகள்) டிடிஎல்லை (அந்தப் பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) இரண்டொரு நாள் முன்பே 300 வினாடிக்குக் குறைத்து வையுங்கள். தளத்தை மாற்ற ஏ ரெக்கார்டை (சர்வரின் எண் முகவரி இருக்கும் பதிவு) மட்டும் மாற்றினால் போதும். நேம்சர்வரையே (இந்தப் பதிவுகளெல்லாம் இருக்கும் இடம்) மாற்றினால் எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எங்கே போக வேண்டும் என்ற பதிவு) காணாமல் போய் கடை மெயில் நின்றுவிடும், அங்கே டெக்ஸ்ட் ரெக்கார்டாக வைத்திருந்த சர்ச் கன்சோல் சரிபார்ப்பும் போய்விடும்.

புது தளம் தயாராகும்வரை அதை கூகுள் பார்க்காமலிருக்க வேண்டும், அதற்கு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவதுதான் நல்லது. நிறையப் பேர் நோஇண்டெக்ஸ் (இதைப் பதியாதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) போட்டு வைப்பார்கள், மாற்றும் நாளில் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். வேர்ட்பிரஸில் அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தடுக்கும் அந்த ஒரு டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ரோபாட்ஸ் ஃபைலில் (தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ஃபைல்) எல்லாவற்றையும் தடுக்கும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டில் எது மிச்சமிருந்தாலும் மேலே செய்த வேலை அத்தனையும் வீண்.

தளம் திறந்த உடனே பழைய யூஆர்எல் பட்டியலை அப்படியே க்ராலரில் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரே தாவலில் 301 ஆகி, கடைசியில் 200 (பக்கம் திறந்தது என்று சர்வர் சொல்லும் எண்) தருகிறதா? அதிகம் க்ளிக் வரும் பக்கங்களை மட்டும் போனில் கையால் திறந்து பாருங்கள், ஏனென்றால் 200 வந்தாலும் தவறான பக்கம் திறக்கலாம், அது க்ராலருக்குத் தெரியாது. கெனானிகல் குறிச்சொல் (இந்தப் பக்கத்தின் அசல் முகவரி எது என்று கூகுளுக்குச் சொல்வது) சோதனைத் தளத்தின் முகவரியைக் காட்டுகிறதா என்று பாருங்கள், இது அடிக்கடி நடக்கும். உள் லிங்குகள் எல்லாம் நேராகப் புது முகவரிக்குப் போக வேண்டும், மெனுவே ரீடைரக்ட் வழியாகச் சுற்றிப் போகக் கூடாது. புது தளம் ரியாக்ட் மாதிரி ஜாவாஸ்கிரிப்டில் கட்டியதென்றால் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் நேரடிச் சோதனை ஓடவிட்டு, விவரமும் விலையும் அதில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, இதற்குப் பிறகு புது சைட்மேப்பைச் சமர்ப்பியுங்கள், கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இருக்கும் லிங்கை மாற்றுங்கள். டொமைனும் மாறுகிறதென்றால் மட்டும் சர்ச் கன்சோலில் 'சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்' கருவியைப் பயன்படுத்துங்கள், அதே டொமைனுக்குள் மாறுவதற்கு அது தேவையில்லை. பழைய டொமைனை விட்டுவிடாதீர்கள், அதற்கு எஸ்எஸ்எல் சான்றிதழையும் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எச்டிடிபிஎஸ் முகவரியில் வருகிறவருக்கு ரீடைரக்ட் நடப்பதற்கு முன்பே எச்சரிக்கைத் திரை வந்துவிடும். ரீடைரக்ட்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைக்கச் சொல்கிறது கூகுள். நான் சொல்வது, டொமைன் உங்களிடம் இருக்கும்வரை எடுக்கவே எடுக்காதீர்கள், பையில் அச்சடித்த க்யூஆர் கோடு ஒரு வருடத்தில் அழிந்துவிடாது.

முதல் சில வாரம் ரேங்க் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தில் யூஆர்எல்லை மறுபடி மாற்றாதீர்கள். வாரம் ஒரு முறை சர்ச் கன்சோலில் 404 பட்டியலைப் பார்த்து விட்டுப்போனதைச் சேருங்கள். க்ளிக்கைப் போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே வாரங்களோடு ஒப்பிடுங்கள், தீபாவளி மாதத்தையும் மார்ச்சையும் ஒப்பிட்டால் எல்லாத் தளமும் விழுந்த மாதிரிதான் தெரியும். ஒரு குறிப்பிட்ட பக்கம் மட்டும் விழுந்திருந்தால் அதன் பழைய வடிவத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எழுத்து குறைந்திருக்கிறதா, டைட்டில் மாறியிருக்கிறதா, அதற்கு வந்த உள் லிங்குகள் போய்விட்டனவா என்று.

ஏற்கெனவே மாற்றிவிட்டு, போன் நின்ற பிறகு இதைப் படிக்கிறீர்கள் என்றால் இப்போதும் வழி இருக்கிறது. சர்ச் கன்சோலில் மாற்றத்துக்கு முந்தைய மாதங்களின் பக்கப் பட்டியல் 16 மாதம் வரை அப்படியே இருக்கும், அதை இன்றைக்கே எக்ஸ்போர்ட் செய்யுங்கள், நாள் தள்ளத் தள்ளப் பழைய தரவு ஒவ்வொரு நாளாக உதிர்ந்துகொண்டே வரும். பழைய ஹோஸ்டிங் இன்னும் காலாவதியாகவில்லை என்றால் முழு பேக்கப் எடுத்துவிடுங்கள். அதுவும் போய்விட்டதென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள், அது சேமித்த யூஆர்எல்களும் பல சமயம் பக்கத்தின் முழு எழுத்தும் கிடைக்கும். கிடைத்ததில் அதிக க்ளிக் வந்த பக்கங்களை முதலில் எடுத்து, அந்த எழுத்தைப் புது தளத்தில் மறுபடி ஏற்றி, பழைய முகவரியிலிருந்து 301 போட்டுவிட்டு, அப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.